கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஸ்கோப் வாங்குவது எப்படி?

ஏப்ரல் 15 அன்று விசைப்படகைக் கட்டிப்போட்டால் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலையைச் சீர் பார்த்தாயிற்று, எஞ்சினைப் பிரித்து மாட்டியாயிற்று, படகுக்கு வர்ணமும் அடித்தாயிற்று. இன்னும் நாள் மிச்சமிருக்கிறது. அந்த மிச்ச நாட்களில்தான் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ஒருவர் செல்போனில் அந்த வீடியோவைப் பார்க்கிறார். ஆயிரம் மீட்டருக்கு அப்பால் ஓர் இரும்புத் தகடு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தரையில் குப்புறப் படுத்து, பெரிய குழாய் ஒன்றின் வழியே பார்த்துச் சுடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிக்கும் வேளையில் 'டிங்' என்று சத்தம் வருகிறது. தோட்டா போய்ச்சேர ஒன்றரை நொடிக்கு மேல், சத்தம் திரும்பி வர மூன்று நொடி. அந்த நாலரை நொடி மௌனத்தில் நம் ஆள் விழுந்துவிடுகிறார். 'ஸ்கோப் ஒண்ணு வாங்கணும்' என்று அன்றிரவே தீர்மானம் ஆகிவிடுகிறது.

துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்பவர்கள் இந்த வழிகாட்டியைப் படிக்கத் தகுதியற்றவர்கள். மாடு வாங்குமுன் மணி வாங்கும் மரபு நமக்கு உண்டு. எனவே வரிசைப்படி ஸ்கோப்பிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். ஆன்லைனில் '80x100' என்று அட்டை போட்டு, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒற்றைக்குழல் ஒன்றை ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிறார்கள். உடனே வாங்கிவிடுங்கள், படிப்பினைக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. பார்சல் வந்ததும் பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து முன்கண்ணாடியின் அகலத்தை அளந்து பாருங்கள். முதல் எண் மடங்கு, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 100 என்றால் ஒரு சாண் அகலத்தில் பாதியாவது வேண்டும். உங்கள் ஸ்கேல் நாற்பதுக்குள் நின்றுவிடும். இரண்டாவது எண்ணில் பொய் சொன்னவர் முதல் எண்ணில் மட்டும் ஏன் உண்மை பேசப்போகிறார்?

நிஜமான நெடுந்தூர ஸ்கோப்பின் மேல் '5-25x56' என்பதுபோல எழுதியிருக்கும். ஐந்து முதல் இருபத்தைந்து மடங்கு வரை திருகலாம், முன்கண்ணாடி 56 மில்லிமீட்டர். இப்போது ஒரு சின்ன வகுத்தல். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.24. பின்கண்ணாடியிலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அவ்வளவுதான், இரண்டேகால் மில்லிமீட்டர். நடுப்பகலில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும் என்பதால் அது போதும். அந்திசாயும்போது கண்மணி விரியும், ஒளிவட்டம் விரியாது, படம் இருண்டுபோகும். படகில் வைத்திருக்கும் 7x50 பைனாகுலரை அதே கணக்கில் வகுத்துப் பாருங்கள்: ஏழுக்கு மேல் வரும். இருட்டில் முழுக்க விரிந்த வாலிபக் கண்ணின் அளவு அதுதான். கடலோடிகள் உலகம் முழுக்க அந்த ஏழு மடங்கையே வைத்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடும் படகில் அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். எதிரே தெரிவது கப்பலா காக்காயா என்று சொல்ல முடியாது.

சரி, 25 மடங்கே வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குக் கிளிஞ்சல்மேட்டு மணலில் படுத்து அதன் வழியே பாருங்கள். ஸ்கோப் தகட்டை மட்டுமா பெரிதாக்கும்? நடுவில் நெளியும் கானலையும் அதே 25 மடங்கு பெரிதாக்கும். தகடு கொதிக்கிற கஞ்சிக்குள் கிடப்பதாகத் தெரியும். அனுபவஸ்தர்கள் இந்த நேரத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்கோப்பைத் திருகி, பன்னிரண்டு பதினைந்து மடங்குக்கு இறக்கிவைத்துக்கொள்வார்கள். மிச்ச மடங்குகள் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதற்கு.

அடுத்தது குறியை நகர்த்தும் கோண அளவு எம்.ஓ.ஏ.வா, மில்லா என்கிற சண்டை. இதில் இரண்டு மதங்கள். ஒரு மில் என்பது 1000 மீட்டரில் ஒரு மீட்டர். ஒரு எம்.ஓ.ஏ. என்பது அதே தூரத்தில் சுமார் 29 சென்டிமீட்டர். மில் ஸ்கோப்பின் குமிழை ஒரு 'கிளிக்' திருகினால் பொதுவாகப் பத்தில் ஒரு மில் நகரும், அதாவது ஆயிரம் மீட்டரில் பத்து சென்டிமீட்டர். கயிற்றைப் பாகக் கணக்கில் அளந்து, டீசலை லிட்டரில் போட்டு, மீனைக் கிலோவில் எடைபோட்டு, ஐஸைப் பெட்டியில் எண்ணும் ஊரில் இது ஒரு சிக்கலே இல்லை. எதை வேண்டுமானாலும் எடுங்கள். உள்ளே தெரியும் கோடு ஒரு கணக்கிலும் வெளியே திருகும் குமிழ் இன்னொரு கணக்கிலும் இருக்கும் மலிவு ஸ்கோப்பை மட்டும் தொடாதீர்கள். அப்படியும் செய்து விற்கிறார்கள்.

பாரலாக்ஸ் என்ற சொல்லைக் கடைக்காரர் உச்சரித்ததும் தலையாட்டிவிடாதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு ஸ்பீடாமீட்டர் முள் அறுபதில் தெரியும், ஓட்டுகிறவருக்கு ஐம்பதில் தெரியும்; சண்டை வரும். முள்ளும் எண்பலகையும் ஒரே தளத்தில் இல்லாததால் வந்த வினை. ஸ்கோப்பிலும் குறிக்கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழாவிட்டால், தலையைச் சற்று அசைத்தாலும் குறி நகரும். அதைச் சரிசெய்ய இடப்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். சோதிப்பது எளிது: ஸ்கோப்பை அசையாமல் ஊன்றி, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். குறிக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால் குமிழைத் திருகுங்கள். கடையில் ஐந்து நிமிடம் தலையாட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து வரும் உரிமை உங்களுக்கு உண்டு.

குழாயின் பருமன் 30 மில்லிமீட்டரா, 34-ஆ? பருத்த குழாயில் வெளிச்சம் அதிகம் வரும் என்று சொல்லும் வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பருத்த குழாய் தருவது உள்ளே லென்ஸ்கூடு மேலும் கீழும் நகர்வதற்கான இடம். அது ஏன் வேண்டும் என்றால், 100 மீட்டருக்குக் குறி வைத்த துப்பாக்கியில் .308 ரகத் தோட்டா ஆயிரம் மீட்டரில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் கீழே விழும். மூன்று மாடி உயரம். அத்தனையையும் குமிழைத் திருகித்தான் ஈடுகட்ட வேண்டும்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். வராமல் இருக்க முடியாதா என்று பார்த்தேன், முடியவில்லை.

காரைக்கால் டவுனில் பிரான்ஸ் மாமா ஒருவர் இல்லாத தெரு கிடையாது. சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய குடும்பம், விடுமுறைக்கு வந்திருப்பார். 'அங்க கிளப்புல சேந்து லைசன்ஸ் எடுத்துட்டா நீள ரைபிள் வாங்குறது ஒரு விஷயமா மாப்ளே' என்பார். அங்கே உண்மைதான், பிரெஞ்சு சுடுதல் கூட்டமைப்பின் உரிமம் இருந்தால் கையால் குண்டேற்றும் ரைபிளை அறிவிப்புக் கொடுத்து வாங்கலாம். ஆனால் காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுக்குக் கைமாறியது மாமாவுக்குத் தெரியும், பேச்சு வேகத்தில் மறந்துவிடுவார். இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும்தான். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, எதற்கு வேண்டும் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில். 'டிங் சத்தம் கேக்கணும் சார்' என்பது அப்படியொரு பதில் ஆகாது. .303, 7.62 போன்ற ராணுவக் குழல் அளவுகள் தடை செய்யப்பட்ட வகை. வீடியோவில் நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

உரிமமே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதில் 'எந்தப் பகுதிக்குள் செல்லும்' என்று ஒரு வரி இருக்கும். நம் ஊரின் பூகோளம் அப்போதுதான் உறைக்கும். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, வடக்கே பூவம் தாண்டி நண்டலாறு வந்தால் தமிழ்நாடு, மேற்கே போனாலும் தமிழ்நாடு. புதுச்சேரி உரிமத்தோடு புதுச்சேரிக்கே போக வேண்டுமானாலும் தமிழ்நாட்டு வழியாகத்தான் பஸ். சோதனைச்சாவடிக் காவலர் காலங்காலமாக டிக்கியைத் திறந்து பாட்டில் தேடிப் பழகியவர். நீண்ட பெட்டியைத் திறந்து உள்ளே பாட்டில் இல்லாததைக் கண்டு அவர் அடையும் ஏமாற்றத்தை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. கொண்டுபோகும் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு மட்டுமே கிளம்புங்கள்.

ஏர் ரைபிள் போதும் என்று இறங்கிவந்தால் பாதை சற்று அகலம். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் மலிவான ஸ்பிரிங் ஏர் ரைபிளில் அந்த லட்ச ரூபாய் ஸ்கோப்பை மாட்டிவிடாதீர்கள். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டும் உதைக்கும்; ஸ்பிரிங் ரைபிள் பின்னோக்கி உதைத்துவிட்டு, பிஸ்டன் முட்டியதும் முன்னோக்கியும் இழுக்கும். பின் உதைக்காகவே செய்த ஸ்கோப் அந்த எதிர் இழுப்பில் உள்ளுக்குள் கழன்றுவிடும். ஏர்கன்னுக்கென்றே சொல்லி விற்கும் ஸ்கோப் இரண்டையும் தாங்கும்; அதை வாங்குங்கள்.

அல்லது ஒன்றுமே வாங்காதீர்கள். இதை ஸ்கோப் வழிகாட்டியில் எழுதுவது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது: ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் துப்பாக்கி மேல் தொலைநோக்கி வைக்கவே அனுமதி இல்லை. துளைக்குறி ஒன்றுதான், அது எதையும் பெரிதாக்காது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனது அதை வைத்துத்தான். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் எடுத்ததும் அப்படியே. அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அதை வெறுங்கண்ணால் குறிபார்க்கிறார்கள். நாம் ஒரு அடி அகலத் தகட்டுக்கு 25 மடங்கு கேட்கிறோம். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தாரே, அவர் கையில் இருந்தது பிஸ்டல்; அதிலும் ஸ்கோப் கிடையாது. கூட்டத்தில் நின்றவர்களுக்குத்தான் அன்று ஸ்கோப் தேவைப்பட்டது.

இனி சுடுமிடம். ஆயிரம் மீட்டர் நேர்கோடும் அதன் முடிவில் தோட்டாவை விழுங்கும் மண்மேடும் வேண்டும். நாட்டில் 300 மீட்டர் போட்டி வைக்கவே மத்தியப் பிரதேசத்து மஹௌ ராணுவத் தளத்தைத் தேடிப்போகிறார்கள். நம் கடற்கரை கிலோமீட்டர் கணக்கில் நேராகக் கிடக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டாம். .308 தோட்டா குறி தவறினால் நான்கு கிலோமீட்டரும் போகும். கரையோரமாகச் சுட்டால் காரைக்கால்மேடு முதலான பக்கத்துக் குப்பங்களுக்குச் சொல்லிவிட்டுச் சுட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் அபராதத்தையும் அதே தூரத்துக்குப் போடுவார்கள். வெறும் ஸ்கோப்போடு மணலில் படுத்துக் கடலைப் பார்ப்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையான 'சாகர் கவச்' நடக்கும் நாளாக அது அமைந்துவிட்டால், கடலோரக் காவல் போலீஸ் உங்களைப் பிடித்து ஒத்திகை வெற்றி என்று எழுதிக்கொள்ளும்.

கடல் பக்கம் திருப்புவதைப் பற்றி விளையாட்டில்லாமல் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவு அருகே காரைக்கால் படகில் இருந்த 13 மீனவர்களைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை சுட்டது. இருவருக்குப் பலத்த காயம், மூவருக்கு லேசான காயம். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்த்தார்கள். தவறுதலாக வெடித்தது என்றது அந்தத் தரப்பு. டெல்லி அவர்களுடைய பொறுப்புத் தூதரை அழைத்துக் கண்டித்தது. அந்தத் தூரத்துக்கு ஸ்கோப் ஏதும் தேவைப்படவில்லை. இந்தக் கரையில் துப்பாக்கியின் மறுமுனையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள்; ஆகவே உங்கள் புதுப் பொழுதுபோக்கை டீக்கடையில் அறிவிக்குமுன் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் மீறி ஒரு நாள், எங்கோ ஒரு முறையான மைதானத்தில், முறையான துப்பாக்கியோடு நீங்கள் படுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஐந்து லட்சத்துக்குச் சாமான் வைத்திருக்கும் ஆசாமி படுத்திருக்கிறார். இங்கேதான் கிளிஞ்சல்மேட்டுக்காரருக்கு முதல்முறையாகக் கை ஓங்குகிறது.

தோட்டா கீழே விழுவது ஒரு பிரச்சினையே இல்லை. புவியீர்ப்பு தினமும் ஒரே மாதிரி இழுக்கும். அட்டவணையைப் பார்த்துத் திருகினால் தீர்ந்தது. ஆட்டிப்படைப்பது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, ஆயிரம் மீட்டரில் அந்தத் தோட்டாவை இரண்டரை மூன்று மீட்டர் தள்ளிவிடும். காற்றின் வேகத்தை மூன்று கிலோமீட்டர் தப்பாகக் கணித்தாலே அரை மீட்டர் போயிற்று. ஆயிரம் கஜம் சுடும் 'எஃப் கிளாஸ்' போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் வெறும் பத்து அங்குலம். எந்தக் கம்பெனி ஸ்கோப்பும் காற்றை அளந்து சொல்லாது. அதற்காக அந்த மைதானங்களில் வழிநெடுகக் கொடி நட்டிருப்பார்கள். கொடியைப் பார்த்தும், கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தும் காற்றைப் படிப்பார்கள். கானல் நேராக மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது, அல்லது நேரெதிரே வீசுகிறது. சாய்ந்து ஓடினால் பக்கக் காற்று. இதைக் கற்றுக்கொடுக்க வகுப்புகள் நடக்கின்றன, கட்டணமும் உண்டு.

நம் ஊரில் மூங்கில் கழியில் கறுப்புத் துணி கட்டி, தெர்மக்கோல் மிதவையில் செருகி வலையோரம் மிதக்க விடுகிறார்களே, அந்தக் கொடி நுனி படபடப்பதைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று காற்றை உறவுக்காரரைப் போலப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள். அவர்களில் ஒருவரிடம் போய், வீடியோவில் கற்ற மிடுக்கோடு கேட்டுப் பாருங்கள்.

"பெரியப்பா, இப்ப காத்து என்ன வேகம் இருக்கும்?"

"எந்த எடத்துக் காத்தக் கேக்குற? இஞ்ச நிக்கிறமே, இதுவா? இல்ல அலைக்கு அந்தாண்ட அடிக்குதே, அதுவா?"

நெடுந்தூரச் சுடுதலின் கடைசிப் பாடம் இந்தக் கேள்விதான். சுடுகிறவர் அருகே ஒரு காற்று, பாதிவழியில் ஒன்று, இலக்கருகே இன்னொன்று. மூன்றையும் கூட்டிக் கழித்தே குறியைத் தள்ள வேண்டும். பெரியப்பாவுக்கு அது பாலபாடம். இன்னொன்றையும் அவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டிவிடுவார்: நம் கரை வடக்கு தெற்காக ஓடுகிறது, கொண்டல் கடலிலிருந்து குறுக்கே வருகிறது. எனவே கரையோரமாக எந்தப் பக்கம் சுட்டாலும் மத்தியானக் காற்று முழுசாகப் பக்கத்திலிருந்தே அறையும். உலகத்தில் பக்கக் காற்று பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது. சுடத்தான் கூடாது.

பராமரிப்பு. ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருக்கிறது, அதனால் பனி படியாது என்று அட்டையில் போட்டிருப்பது உள்பக்கத்துக்குத்தான். வெளிப்பக்கத்தை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். லுங்கி நுனியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு பரலாக இருக்கும், கண்ணாடிப் பூச்சில் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கரைத்துவிட்டு, பிறகு மெல்லிய துணி. ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவின் ஈரம் பீரோவுக்குள்ளும் வரும். தோல் உறையோடு மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை வேர்விட்டு, பார்க்கும் இடமெல்லாம் சிலந்திவலை தெரியும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். அரிசி டிரம்மில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தவிடு உள்ளே போகும், வீட்டிலும் பிரளயம் நடக்கும்.

விலையைப் பற்றி வீட்டில் என்ன சொல்வது என்பது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம். கேட்டே தீருவேன் என்றால் என் பரிந்துரை: அந்தப் பணத்தில் சிறு பகுதிக்கு நல்ல 7x50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். கரையில் நின்றால் கண்ணுக்கெட்டும் தொடுவானம் நாலரை கிலோமீட்டர்தான். 25 மடங்கு வைத்தாலும் பூமியின் வளைவுக்கு அந்தப்பக்கம் தெரியாது. மாடியில், எட்டு மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் அதுவே பத்து கிலோமீட்டர் ஆகும். மாடிக்குப் படிக்கட்டு போதும், கம்பெனி முத்திரை தேவையில்லை. அங்கிருந்து பார்த்தால் திரும்பி வரும் படகு தண்ணீரில் எவ்வளவு அமுங்கி வருகிறது என்று தெரியும். அமுக்கத்தை வைத்து மீன்பாட்டைக் கணித்து, மற்றவர்களுக்கு முன்னால் ஏலத்துக்குப் போய் நிற்கலாம் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். போய்ப் பாருங்கள். மீன் எடுக்கும் பெண்கள் உங்களுக்கு முன்பே கூடையோடு நின்றிருப்பார்கள். படகில் என்ன மீன், எத்தனை கூடை என்று படகுக்காரர் செல்போனில் சொல்லியாகியிருக்கும்.